தெருவுக்கு ஒரு டாக்டர்

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தபோது தையல்காரர் மேசைமேல் வெள்ளைத் துணியை விரித்துக் கழுத்துக்கு வளைவு போட்டுக்கொண்டிருந்தார். வாயில் இரண்டு குண்டூசி. அவற்றை எடுத்துச் சட்டைப்பை விளிம்பில் குத்திய பிறகுதான் பேச முடிந்தது.

“உங்க மகள் படிக்கிற பள்ளிக்கூடத்துலேர்ந்து பேசறேன். பசங்களுக்கு ஆலோசகரா இருக்கேன். நாளைக்குக் காலைல பத்தரைக்கு வர முடியுமா? அவங்க அம்மாவையும் கூட்டிட்டு வாங்க.”

“என்னம்மா பண்ணிட்டா?”

“பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல. நேர்ல பேசுவோமே.”

நேரில் பேசுவோம் என்பது தையல்காரருக்குப் பழக்கமான வார்த்தை. தைத்துக் கொடுத்த உடுப்பு சரியில்லாதபோதுதான் வாடிக்கைக்காரர்கள் அப்படிச் சொல்வார்கள்.

எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி தலையைத் தூக்காமல் கேட்டாள். “யாரு?”

“பள்ளிக்கூடம். ரெண்டு பேரும் வரணுமாம்.”

“டாக்டர் என்ன பண்ணாளாம்?”

டாக்டர் என்றால் அவர்களுடைய மகள். பன்னிரண்டு வருஷமாக வீட்டில் மட்டுமல்ல, தெரு முழுக்க அவளுக்கு அதுதான் பெயர்.

கடை இருந்தது பெரிய ஆஸ்பத்திரியின் பின்வாசல் சந்தில். அகலம் குறைவு, நீளம் அதிகம். உள்ளே இரண்டு தையல் மிஷின், ஓரம் அடிக்கிற மிஷின் ஒன்று, ஆவி கக்கும் இஸ்திரிப் பெட்டி ஒன்று. வாசலில் ஒரு பெஞ்சு. தைப்பதில் முக்கால்வாசி வெள்ளை. டாக்டர்களின் கோட்டு, நர்சுகளின் உடுப்பு, இடையிடையே ஆஸ்பத்திரி ஊழியர்களின் நீலச் சட்டை. டாக்டர்கள் எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

மகளுக்கு நான்கு வயதானபோது பள்ளியில் மாறுவேடப் போட்டி வந்தது. வெட்டித் தள்ளிய துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டு ஒரு குட்டிக் கோட்டு தைத்தார் மாஸ்டர். பாக்கெட், பட்டன் எல்லாம் அசல் மாதிரியே. ஆஸ்பத்திரி ஊழியர் ஒருவர் உடைந்த ஸ்டெதஸ்கோப் ஒன்றைக் கொண்டுவந்து கழுத்தில் மாட்டிவிட்டார். போட்டி முடிந்தும் குழந்தை கோட்டைக் கழற்றவில்லை. ஒரு வாரம் கடைப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு வருகிறவர் போகிறவரையெல்லாம் “நாக்கை நீட்டுங்க” என்றாள். எதிர்க்கடை மளிகைக்காரர் கர்ம சிரத்தையாக நாக்கை நீட்டினார். அவள் உற்றுப் பார்த்துவிட்டு, “பொய் சொல்லியிருக்கீங்க” என்றாள். சந்தே சிரித்தது. அன்றோடு அவள் டாக்டர் ஆகிவிட்டாள்.

மாஸ்டரும் சும்மா இருக்கவில்லை. புதிதாக வரும் இளம் டாக்டர்களுக்கு முதுகில் நாடாவைப் பிடித்து அளவெடுக்கும்போதெல்லாம், “இந்தக் கோட்டை என் பொண்ணும் ஒருநாள் போடுவா சார்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சொல்லிச் சொல்லி அது அவருக்கே நடந்து முடிந்த காரியம் மாதிரி ஆகிவிட்டது.

மறுநாள் விடாத தூறல். மனைவி குடையைப் பிடிக்க, அவர் பாதி நனைந்துகொண்டே போனார். ஆலோசகரின் அறை ஒரு காலத்தில் விளையாட்டுச் சாமான் வைத்திருந்த அறை. ரப்பர், தோல் வாசனை இன்னும் போகவில்லை. ஆலோசகர் உயரமான பெண். நாற்பது வயது இருக்கும். ஸ்கூட்டரில் மழையில் வந்த ஹெல்மெட் ஜன்னலில் சொட்டிக்கொண்டிருந்தது. மேசையை ஓரமாகத் தள்ளி நான்கு நாற்காலியையும் வட்டமாகப் போட்டிருந்தார். மகள் ஏற்கெனவே ஒன்றில் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆலோசகர் ஒரு தாளை நீட்டினார். “அடுத்த ரெண்டு வருஷத்துக்கு என்ன பாடப்பிரிவுன்னு எழுதித் தர்ற படிவம். இதுல இருக்கிறது உங்க கையெழுத்தா?”

மாஸ்டர் பார்த்தார். பார்வைக்கு அவர் கையெழுத்துத்தான். ஆனால் அவர் போட்டால் கடைசி எழுத்து எப்போதும் கோட்டை விட்டு இறங்கிவிடும். இது நேராக நின்றது.

“நான் போட்டா இவ்வளவு நல்லா வராதும்மா.”

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“கையெழுத்தை விடுங்க. அதுக்கு அவ தலைமையாசிரியர்கிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு. நான் கூப்பிட்டது இதுக்கு” என்று ஆலோசகர் விரலை வைத்த இடம் வெறுமையாக இருந்தது. உயிரியல், கணிதம், வணிகவியல் என்று வரிசையாகக் கட்டங்கள். ஒன்றிலும் குறி இல்லை. “எல்லாத்தையும் எழுதிட்டு இதை மட்டும் விட்டுட்டா. மறந்துட்டியான்னு கேட்டேன். இல்லன்னா. அப்பாகிட்ட பேசினியான்னு கேட்டேன். அழுதுட்டா.”

“இதுல பேச என்ன இருக்கு? உயிரியல்தான். எல்லாருக்கும் தெரியுமே” என்றார் மாஸ்டர்.

“எல்லாருக்கும் தெரியுது. அவளுக்குத்தான் தெரியல போல” என்று ஆலோசகர் சாதாரணமாகச் சொன்னார். குரலில் குத்தல் இல்லை. “ஒரு வேலை செய்வோமா? பத்து நிமிஷம் அவ பேசட்டும். நீங்க ரெண்டு பேரும் கேளுங்க. பதில் சொல்லக் கூடாது, தலையாட்டலாம். அப்புறம் அதே பத்து நிமிஷம் உங்களுக்கு.”

பதில் சொல்லாமல் பத்து நிமிஷம் கேட்பது எவ்வளவு கடினம் என்று மாஸ்டருக்கு அன்றுதான் தெரிந்தது. முதல் இரண்டு நிமிஷம் மகள் பின்னல் நுனியை முறுக்கினாள். விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மூன்று முறை வாயைத் திறந்தார். மூன்று முறையும் மனைவி அவர் காலை மிதித்தாள்.

“கடைக்கு வர்றவங்க எல்லாரும் இன்னும் நாக்கை நீட்டிக் காமிக்கிறாங்கப்பா” என்று மகள் ஆரம்பித்தாள். “சின்ன வயசுல சிரிப்பா இருந்துச்சு. இப்ப நான் பள்ளிக்கூடத்துலேர்ந்து வரும்போது மளிகைக் கடையைப் பார்க்காமத் தலையைக் குனிஞ்சுக்கிட்டு வர்றேன். எனக்கு ரத்தத்தைப் பார்த்தாப் பயமெல்லாம் இல்ல. மார்க்கும் வருது. ஆனா டாக்டர் ஆகணும்னு நான் எப்ப நெனச்சேன்னு யோசிச்சுப் பார்த்தா, ஒருநாளும் நெனச்சதா ஞாபகம் இல்ல. மத்தவங்க நெனச்சதுதான் ஞாபகம் இருக்கு. வேற என்ன ஆகணும்னு கேட்டா அதுவும் தெரியல. மேப்புன்னா பிடிக்கும். நில அளவை மாதிரி ஏதாவது படிக்கலாமான்னு தோணும். அதையும் சொல்லப் பயமா இருந்துச்சு. அதான் காலியா விட்டேன். பொய்யா ஒரு குறி போட முடியல.”

“பொய்யா கையெழுத்து மட்டும் போட முடிஞ்சுதா?” என்று மாஸ்டருக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டார்.

அவருடைய பத்து நிமிஷம் வந்தது. “நல்லது நெனச்சுத்தான் சொன்னோம்” என்றார். கொஞ்சம் பொறுத்து, “அவ சொன்னது எனக்குத் தெரியாது” என்றார். மீதி நேரத்துக்கு ஜன்னலில் சொட்டும் ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆலோசகர் படிவத்துக்கு மூன்று வாரம் தவணை வாங்கித் தருவதாகச் சொன்னார். அந்த மூன்று வாரத்தில் செய்ய இரண்டு வேலை. முதலாவது ஒரு நோட்டு. யாரும் சொல்லாமல் அவளாகவே என்னென்ன செய்கிறாள், எதைச் செய்யும்போது நேரம் போனது தெரியவில்லை, இதை மட்டும் தினமும் எழுத வேண்டும். இரண்டாவது, மூன்று வேலையிடங்களில் ஒவ்வொரு நாள் காலை முதல் சாயங்காலம் வரை போய் இருக்க வேண்டும். “ஒண்ணு நீங்க நெனச்சது. ஒண்ணு அவ நெனச்சது. மூணாவது, நோட்டைப் பார்த்துட்டு முடிவு பண்ணுவோம்.”

“இதெல்லாம் பண்ணா என்ன ஆகணும்னு தெரிஞ்சிடுமா?” என்று கேட்டாள் மனைவி.

“தெரியாமலும் போகலாம். ஆனா எதைப் பத்தித் தெரியலன்னாவது தெரியும்.”

திரும்பி வரும்போது மாஸ்டர் குடைக்குள் வரவே இல்லை.

இரண்டு நாள் அவர் மகளோடு பேசவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. என்ன பேசுவது என்று தெரியவில்லை. மழையில் வெள்ளைத் துணி காய்வேனா என்றது. ஈரத் துணியில் இஸ்திரி போட்டு ஆவி மூஞ்சியில் அடித்தது. ஒரு கோட்டுக்குப் பாக்கெட்டைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டார். மனைவி அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

“இதுல பேனா வெச்சா நேரா டாக்டர் கால்மேலதான் விழும்.”

“பிரிச்சுத் தைக்கிறேன் விடு.”

“பாக்கெட்டைப் பிரிச்சுத் தைக்கலாம். பொண்ணை அப்படி முடியுமா? போய் அவளோட ஒரு வார்த்தை பேசுங்களேன்.”

“என்னன்னு பேசச் சொல்றே? சந்துல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன். ஆஸ்பத்திரில பாதிப் பேருக்குத் தெரியும்.”

“ஆமா, உங்க வாய்க்கு அவதான் பொறுப்பா?” என்றாள் மனைவி. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு அடுத்த காஜாவை ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவியின் தம்பி சாப்பிட வந்தான். பஸ் கண்டக்டர். நின்றுகொண்டு பேசியே பழகியவன், உட்கார்ந்தாலும் பின்சீட்டு வரைக்கும் கேட்கிற குரலில்தான் பேசுவான். சோற்றில் கையை வைத்ததுமே ஆரம்பித்தான்.

“என்ன மச்சான் கேள்விப்பட்டேன்! யாரோ ஒருத்தர் சொன்னாங்கன்னு எல்லாத்தையும் மாத்துவீங்களா? நம்ம வீட்டுல ஒரு டாக்டர் வர வேண்டாமா?”

“நானும் அதான் யோசிக்கிறேன்” என்றார் மாஸ்டர்.

“யோசிக்க என்ன இருக்கு? பசங்களுக்கு என்ன தெரியும்? நாமதான் ஏத்தி உட்கார வைக்கணும். போகப்போகப் பிடிச்சிடும்.”

மகள் அவனுக்குக் கீரையைப் பரிமாறிக்கொண்டிருந்தாள். “மாமா, பஸ்ஸுல ஏறினவங்ககிட்ட முதல்ல என்ன கேப்பீங்க?”

“எங்க போகணும்னு கேப்பேன்.”

“கேக்காம டிக்கெட் கிழிச்சுக் குடுத்துடுவீங்களா?”

கண்டக்டர் கையில் உருட்டிய சோற்றைத் தட்டில் போட்டான். “நல்லா வக்கீலுக்குப் படி நீ” என்றான். முதலில் சிரித்தது மாஸ்டர்தான். சிரித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. “சரி, எந்த நாள் எங்க போகப் போறே? சொல்லு, சாப்பாடு கட்டணுமில்ல” என்றார்.

முதல் நாள் ஆஸ்பத்திரி. மாஸ்டரே போய்க் கேட்டார். குழந்தைகள் டாக்டர் அவருக்குப் பழைய வாடிக்கை. கோட்டுத் தோளில் ஒரு நூல் கூடினாலும் கண்டுபிடித்துவிடும் அம்மாள். “அனுப்புங்க மாஸ்டர், என் பக்கத்துல உட்காரட்டும்” என்றார். சாயங்காலம் மகள் திரும்பி வந்தபோது மாஸ்டர் மிஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

“எப்படி இருந்துச்சு?”

“நல்ல டாக்டர்ப்பா. எண்பத்திரண்டு குழந்தைங்க. ஒரு குழந்தைகிட்டகூட எரிஞ்சு விழல. எனக்கு அவங்களை ரொம்பப் பிடிச்சுது.”

“அப்ப?”

“அவங்களைப் பிடிச்சுது. அவங்க வேலையை நான் மணி பார்த்துக்கிட்டே பார்த்தேன்.”

இரண்டாம் நாள் அவளாக நினைத்தது. நில அளவை அலுவலகம். அதற்குத்தான் விடியற்காலையிலேயே எழுந்து தலை சீவினாள். சாயங்காலம் முகம் தொங்கிப்போய் வந்தாள். செருப்பைக் கழற்றி எறிந்தாள்.

“காலைல பதினோரு மணி வரைக்கும் வண்டி வரல. வண்டி வந்ததும் மழை வந்துடுச்சு. மழை விட்டதும் நிலத்துக்குப் போனோம். அங்க அண்ணன் தம்பி ரெண்டு பேரு வரப்புக்காகச் சண்டை. அளக்கிற கருவியை ஒருத்தன் பிடிச்சு இழுக்கிறான். சார் அவங்களைச் சமாதானம் பண்ணி முடிக்கறதுக்குள்ள சாயங்காலம் ஆயிடுச்சு. மேப்பே பார்க்கலப்பா.”

மாஸ்டருக்கு உள்ளுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. அது முகத்துக்கு வருவதற்குள் மனைவி முறைத்தாள். ஆனால் மகள் அழுதுவிடுவாள் போல இருந்ததைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷமும் போய்விட்டது. அவரே அடுப்பில் தண்ணீர் வைத்து டீ போட்டார். சர்க்கரை ஒரு கரண்டி கூடிவிட்டது. அவள் அதை முழுசாகக் குடித்தாள்.

மறுநாள் அவள் நோட்டோடு ஆலோசகரிடம் போனாள். பிடிக்கும் என்று நினைத்தது பிடிக்காமல் போய்விட்டதே என்று வருத்தப்பட்டிருக்கிறாள். ஆலோசகர், “ஒரு நாள் நல்ல வேலை பண்ணியிருக்கே. நாலு வருஷம் படிச்சுட்டுத் தெரிஞ்சுக்க வேண்டியதை ஒரே நாள்ல தெரிஞ்சுக்கிட்ட” என்றாராம். பிறகு இருவரும் நோட்டை வரி வரியாகப் படித்திருக்கிறார்கள். மகள் அந்த நோட்டை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் மாஸ்டரிடமே கொடுத்தாள்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். *அம்மாவின் ஸ்டூல் ஆடியது, காலுக்கு ரப்பர் அடித்தேன். பாட்டுக் கேட்டேன், பாதியில் அலுத்துவிட்டது. பக்கத்து வீட்டு மாமி ஊன்றுகோல் பிடி வழுக்குகிறது என்றார், துணி சுற்றித் தைத்தேன். கணக்கு வீட்டுப்பாடம், நேரம் தெரியவில்லை. ஓய்வுபெற்ற தபால்காரருக்கு அப்பா ஒரு கால் நீளமாகவும் ஒரு கால் குட்டையாகவும் பேண்ட் தைத்தார். மாற்ற வேண்டியது பேண்ட் இல்லை, செருப்புதான் என்று எனக்குப் பட்டது. மூன்று அட்டை வெட்டி, குட்டைக் கால் செருப்புக்கு அடியில் ஒவ்வொன்றாக ஒட்டி நடக்கவிட்டுப் பார்த்தேன். சாப்பிட மறந்துவிட்டேன்.*

தபால்காரருக்குக் கால் ஒன்று சற்றுக் குட்டை. பல வருஷமாக அவருக்கு அளவு மாற்றிப் பேண்ட் தைத்துக் கொடுத்ததில் மாஸ்டருக்குப் பெருமை உண்டு. போன வாரம் அவர் சந்தில் நேராக நடந்து போனதைப் பார்த்தார்தான். ஏன் என்று யோசிக்கவில்லை.

“இதுல நீ என்ன கண்டுபிடிச்சே?” என்றார்.

“நானா கண்டுபிடிக்கல. ஆலோசகர் டீச்சர் கேட்டாங்க, இதுல அடிக்கடி வர்றது என்னன்னு. பார்த்தா பாதிக்குமேல யாரோ ஒருத்தரோட உடம்புக்கு ஏதோ ஒண்ணைப் பொருத்தறதா இருக்குப்பா. அப்பத்தான் ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி செயற்கைக் கால் செய்யற இடம் இருக்கறதைச் சொன்னாங்க. மூணாவது நாள் அங்க.”

அந்த இடம் மாஸ்டருக்குத் தெரியும். அங்கே வேலை செய்பவர்களின் காக்கி மேலங்கி அவர் தைத்ததுதான். மாவுக்கட்டு மாவு படிந்துபோய்த்தான் பழுதுக்குத் திரும்ப வரும். ஆனால் அங்கே ஒருவர் படித்து வேலைக்குப் போகலாம் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை.

அந்த மூன்றாம் நாள் சாயங்காலம் அவள் நேரத்துக்கு வரவில்லை. ஆறு மணிக்கு வந்தாள். முழங்கை வரைக்கும் வெள்ளை மாவு. தலைமுடியிலும் மாவு. உட்காராமல் பேச ஆரம்பித்தாள்.

“அப்பா, அங்கயும் ட்ரயல் பார்க்கறாங்கப்பா! முதல்ல காலை மாவுத் துணியால சுத்தி அச்சு எடுக்கறாங்க. அச்சுல எலும்பு எங்க உறுத்தும், சதை எங்க தாங்கும்னு பார்த்து, ஒரு இடத்துல சுரண்டி, ஒரு இடத்துல ஏத்தி... அப்புறம் பிளாஸ்டிக்கைச் சூடு பண்ணி அதுமேல இழுத்துப் போர்த்தறாங்க. ஒரு லாரி டிரைவர் வந்திருந்தார். போட்டு நடந்து பார்த்துட்டு எங்கயோ பிடிக்குதுன்னார். எங்கன்னு அவருக்குச் சொல்லத் தெரியல. அங்க கால் செய்யற மேடம் அவர் நடக்கறதை மட்டும் பார்த்தாங்க. குதிகால்ல ஒரு ஸ்க்ரூவைக் கால் சுத்து திருப்பினாங்க. அவ்வளவுதான்! அவர் அப்படியே நடந்து வாசல் வரைக்கும் போய்ட்டார். நாங்க திரும்பி வருவார்னு நிக்கறோம், அவர் தெருவுல போறாரு!”

மாஸ்டர் அவளைப் பார்த்தார். இவ்வளவு நீளமாக அவள் பேசி அவர் கேட்டதே இல்லை. குறுக்கே பேசவில்லை. யாரும் காலை மிதிக்கவும் இல்லை.

“இதுக்கு என்ன படிக்கணும்?” என்று மனைவி கேட்டாள்.

“தனிப் படிப்பு இருக்கும்மா. மேடம் எல்லாம் எழுதிக் குடுத்தாங்க. அதுக்கு இப்ப உயிரியல் எடுக்கணும்.”

“உயிரியலா?” மாஸ்டர் நிமிர்ந்தார்.

“உயிரியல்தான். ஆனா டாக்டர் இல்லப்பா.”

“புரியுது, புரியுது” என்றார் அவர் அவசரமாக.

படிவத்தோடு மறுபடியும் நால்வரும் உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை வெயில். ஹெல்மெட் காய்ந்து கிடந்தது. உயிரியலோடு கணக்கும் சேர்ந்த பிரிவு ஒன்று இருந்தது. பாடம் கொஞ்சம் கனம். அதை எடுத்தால் ஒரு வழி அடைபட்டாலும் இரண்டு மூன்று வழி திறந்திருக்கும் என்று ஆலோசகர் தாளில் வரைந்து காட்டினார். மகள் குறி போட்டாள்.

“இதுதான் நிச்சயமா?” என்று மாஸ்டர் ஆலோசகரைக் கேட்டார். “நாளைக்கு மறுபடி மாத்திட்டா?”

“மாத்தலாம். அவளுக்குப் பதினாறு வயசு. இப்போதைக்கு இது, ஏன்னு அவளுக்குத் தெரியும். என்கிட்ட இதுக்குமேல உத்தரவாதம் கேட்டீங்கன்னா என் வேலையே போயிடும்.” ஆலோசகர் சிரித்தார். “நீங்க எப்படி சார் தையலுக்கு வந்தீங்க?”

“வீட்டுக்குப் பக்கத்துல கடை இருந்துச்சு” என்றார் மாஸ்டர். “மரக்கடையா இருந்திருந்தா மேசை நாற்காலி செஞ்சுக்கிட்டிருப்பேன்.”

அவர் கையெழுத்துப் போட்டார். கடைசி எழுத்து கோட்டை விட்டு இறங்கியது.

இனி சந்துக்குச் சொல்ல வேண்டும். அதுதான் மாஸ்டருக்குப் பெரிய பாரமாக இருந்தது. இரண்டு நாள் ஒத்திகை பார்த்தார். மூன்றாம் நாள் காலை மளிகைக்காரர் கடையைத் திறந்து மூட்டைகளை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது போய் நின்றார்.

“அண்ணே, ஒரு விஷயம். பாப்பா டாக்டருக்குப் படிக்கல.”

மளிகைக்காரர் மூட்டையை விட்டுவிட்டு நிமிர்ந்தார். “உடம்புக்கு ஏதாவதா?”

“உடம்புக்கு ஒண்ணுமில்ல. செயற்கைக் கை கால் செய்யற படிப்புப் படிக்கலாம்னு இருக்கா.”

“நல்ல படிப்பாச்சே! என் சித்தப்பாவுக்குச் சர்க்கரை வியாதில ஒரு கால் எடுத்துட்டாங்க. கட்டைக்காலை மாட்டிக்கிட்டு அவர் பட்ட பாடு...” மளிகைக்காரர் பருப்பு மூட்டைமேல் உட்கார்ந்து சித்தப்பா கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அரை மணி நேரம் ஆனது. எழுந்திருக்கும்போதுதான் ஞாபகம் வந்தவர் போலக் கேட்டார். “அது சரி மாஸ்டர், அப்ப பாப்பாவை என்னன்னு கூப்பிடறது?”

மாஸ்டர் பன்னிரண்டு வருஷமாகச் சுமந்துகொண்டிருந்ததை இறக்கி வைத்தால், தெருவில் ஒருவரும் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி ஊழியர் “அப்படியா” என்றார். டீக்கடைக்காரர் அவள் எந்த வருஷம் பிறந்தாள் என்று தப்பாகக் கணக்குப் போட்டார். கண்டக்டர் மச்சான் மட்டும் ஒரு வாரம் முறுக்கிக்கொண்டிருந்துவிட்டு, தன் டிப்போவில் ஒருவருக்குக் கால் போனதைச் சொல்லி, “இப்பவே செய்வாளா?” என்று கேட்டுப் போன் பண்ணினான்.

பழைய பெயர் மட்டும் போகவில்லை. மளிகைக்காரர் ஒருநாள் பழக்கதோஷத்தில் டாக்டர் என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். “கூப்பிட்டுட்டுப் போங்க மாமா” என்றாள் அவள். “நாக்கை மட்டும் நீட்டாதீங்க.”

பள்ளிகள் திறக்கும் மாதம் வந்தது. சீருடை வேலை தலைக்குமேல் கிடந்தது. அப்போது ஆலோசகரிடமிருந்து மறுபடியும் போன். மாஸ்டர் வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்தார்.

“சார், உங்ககிட்ட ஒரு உதவி. வேற பள்ளிக்கூடத்துப் பொண்ணு ஒருத்தி. ஒரு நாள் தையல் கடைல இருந்து பார்க்கணும்னு சொல்றா. உங்க கடையை எழுதிக்கட்டுமா?”

“என் கடைலயா? இங்க பார்க்க என்னம்மா இருக்கு?”

“அதை அவ பார்த்துட்டுச் சொல்லுவா.”

அந்தப் பெண் காலை எட்டரைக்கே வந்துவிட்டாள். ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் ஒரு நோட்டோடு இருந்தாள். யார் வீட்டுப் பெண் என்று மாஸ்டர் கேட்கவில்லை. முந்தின நாளே பெஞ்சைத் துடைத்து, நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்கி வைத்திருந்தார். மனைவி அதைப் பார்த்து, “பொண்ணு பார்க்கவா வர்றாங்க?” என்று கேலி செய்திருந்தாள்.

காலை முழுக்க அவள் பார்த்தாள். பிறகு நோட்டைத் திறந்து கேள்வி கேட்டாள்.

“இந்த வேலைல உங்களுக்குப் பிடிக்காதது எது?”

மாஸ்டர் யோசித்தார். இதுவரைக்கும் அதை யாரும் கேட்டதில்லை. “போட்டுப் பார்ப்பாங்க, கண்ணாடியில திரும்பித் திரும்பிப் பார்ப்பாங்க, அப்புறம் ஒண்ணுமே சொல்லாமப் போவாங்க. அது.”

“பிடிச்சது?”

“காலர்” என்றார் உடனே. தான் சொன்னதைக் கேட்டு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. “எனக்குத் தொழில் சொல்லிக் குடுத்தவருக்குக் காலர் சரியா வராது. நானா ஆறு மாசம் வேற ஒரு கடை வாசல்ல நின்னு பார்த்துக் கத்துக்கிட்டேன். யாரும் கத்துக்கோன்னு சொல்லல.”

மனைவி காஜாவை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். “இருபது வருஷத்துல இதை என்கிட்ட சொன்னதே இல்லையே?”

“நீ கேக்கல.”

மத்தியானத்துக்கு மேல் அந்தப் பெண் தானும் ஏதாவது தைக்கலாமா என்று கேட்டாள். ஒரு பையனின் சீருடைச் சட்டையைக் கொடுத்தார். கையின் விளிம்பை மடித்து அடிக்க வேண்டும். முதல் கையை அவள் மூன்று முறை பிரித்தாள். நான்காவது முறை நேராக வந்தது. நிமிர்ந்து யாரிடமும் காட்டவில்லை. தானே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். டீ ஆறிப்போய் ஏடு கட்டியது.

ஐந்து மணிக்குச் சந்தின் முனையில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கி வந்தவரைப் பார்த்ததும் மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். குழந்தைகள் டாக்டர். கோட்டு வாங்க வந்திருக்கிறார் என்று நினைத்து அலமாரிப் பக்கம் திரும்பினார்.

“கோட்டுக்கு வரல மாஸ்டர்” என்றார் டாக்டர். குரல் தணிந்திருந்தது. மிஷினில் குனிந்திருந்த பெண்ணின் முதுகைக் கண்ணால் காட்டினார். “என் பொண்ணு.”

மாஸ்டர் திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்தார். நாளெல்லாம் அந்தப் பெண்ணின் முகத்தில் எதையோ பார்த்த மாதிரி இருந்தது இப்போது புரிந்தது. நூல் கூடினால் கண்டுபிடிக்கிற அதே கண்.

“அவ அப்பாவும் டாக்டர், நானும் டாக்டர். தையல் கத்துக்கணும்னு ரெண்டு மாசமா வீட்டுல இதே பேச்சு. ஒரு இடத்துல பத்து நிமிஷம் உட்கார மாட்டா. ஒரு நாள் போய்ப் பார்த்தா ஆசை விட்டுடும்னு அனுப்பினேன்.” டாக்டர் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றார். எண்பத்திரண்டு குழந்தைகளைப் பார்த்தும் எரிந்து விழாதவர், இப்போது ஊசிக்குப் பயந்து வரிசையில் நிற்கும் தாயைப் போல இருந்தார். “எப்படி இருந்தா மாஸ்டர்? வருமா அவளுக்கு?”

சொல்ல மாஸ்டரிடம் நிறைய இருந்தது. தையல் வரும் என்று சொல்லியிருக்கலாம். மூன்று முறை பிரித்ததைச் சொல்லியிருக்கலாம். வேண்டாம் டாக்டர், இது கஷ்டமான தொழில் என்றும் சொல்லியிருக்கலாம். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வாய் வரைக்கும் வந்து போயின.

பெஞ்சின்மேல் கிடந்த துணிகளை அள்ளி அப்பால் வைத்தார். உள்ளங்கையால் பெஞ்சைத் தட்டித் துடைத்தார்.

“உட்காருங்க டாக்டர். இன்னும் ஒரு கை பாக்கியிருக்கு.”

டாக்டர் உட்கார்ந்தார். மனைவி இரண்டு டீக்குச் சொல்ல எழுந்து போனாள். உள்ளே மிஷின் சற்று நேரம் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது.